சேர்வராயன் மலைத் தடங்கள்: மலை சைக்கிள் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வர இயலாத உறுப்பினர்களுக்கும் வணக்கம். சென்ற ஆண்டு கூட்டத்துக்கு வேண்டிய ஆள் எண்ணிக்கை (கோரம்) இல்லாமல் பொதுக்குழு ஒரு மணி நேரம் தள்ளிப்போனதை மனத்தில் வைத்து, இந்த ஆண்டு அழைப்பிதழிலேயே மதிய உணவு உண்டு என்று அச்சிட்டோம். பலன் கண்கூடு.

ஆண்டு நிகழ்ச்சிகள்: சுதந்திர தினத்தன்று ஏற்காடு அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறும் சவாரி வழக்கம்போல் நடந்தது. கோடை விழா முடிந்த வாரம் ஏரிக்கரையில் குப்பை அள்ளினோம். புதியவர்களுக்கு பிரேக் பயிற்சி ஒருமுறை நடந்தது. செயற்குழு ஐந்து முறை கூடியது. இரண்டு முறை நானும் தலைவரும் மட்டும் கூடினோம்.

இனி முக்கியமான பணிக்கு வருகிறேன். நாகலூர் பக்கத்துக் காப்பித் தோட்டத்தில், உரிமையாளரின் அனுமதியோடு நாம் பயன்படுத்தும் தடத்தின் நடுப்பகுதியை மாற்றி அமைத்தது பற்றி இந்த ஆண்டு முழுவதும் பேச்சு இருந்தது. செயலாளர் தன் விருப்பத்துக்குச் சங்கப் பணத்தைச் செலவழித்தார் என்ற பேச்சும் அதில் அடக்கம். ஆகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

பழைய தடம் 130 மீட்டரில் மலை இறங்கும் திசையிலேயே நேராக இறங்கியது. இறங்குவதற்குச் சுகமான தடம்தான், மறுக்கவில்லை. ஆனால் மழைநீருக்கும் அதே சுகம். தடத்தின் சரிவு மலைச்சரிவில் பாதியைத் தாண்டக்கூடாது, சராசரியாகப் பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் நல்லது என்பது உலகெங்கும் தடம் வெட்டுகிறவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. தாண்டினால் தண்ணீர் தடத்தைக் குறுக்கே கடந்து போகாமல், தடத்திலேயே ஓடத் தொடங்கிவிடும். நம் தடம் இருபத்தைந்து விழுக்காடு. ஆண்டுக்கு ஆண்டு மண் போய்க் கல் தெரிந்தது. கல்லுக்கு ஒதுங்கி நாம் ஓரமாக ஓட்ட, ஓரமும் போயிற்று. மூன்றடித் தடம் ஒன்பதடி ஆனபோதுதான் தோட்டத்து மேலாளர் என்னை அழைத்துக் காட்டினார். வேர் தெரிய நின்ற ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

புதுத்தடம் அதே உயரத்தை 410 மீட்டர் எடுத்து வளைந்து இறங்குகிறது. மூன்று மடங்கு சுற்று என்று முறையிட்டவர்கள் உண்டு. ஜூலையில் தொடங்கி, மண் ஈரமாக இருந்த பதினொரு ஞாயிற்றுக்கிழமைகளில் வெட்டினோம். தடத்தின் மேற்பரப்பு பள்ளத்துப் பக்கமாக ஐந்து விழுக்காடு சாய்ந்திருக்க வேண்டும். ஒரு மீட்டர் சட்டத்தைத் தடத்தின் குறுக்கே போட்டு, மேலே ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை பள்ளத்துப் பக்கம் தூக்கினால், சட்டத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் ஐந்து சென்டிமீட்டர் நிற்க வேண்டும். இதை நான் பத்தடிக்கு ஒருமுறை அளந்தேன். இதற்காக எனக்குக் 'கொத்தனார்' என்று பெயர் வைத்திருப்பதையும் அறிவேன். ரசமட்டம் வாங்கிய தொகையைச் சங்கக் கணக்கில் எழுதியது சரியா என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். சரிதான். அது சங்க அலமாரியில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்து அளக்கலாம். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

தண்ணீரை வெளியேற்ற ஒன்பது இடங்களில் தடத்தைச் சற்று இறக்கி ஏற்றியிருக்கிறோம். அவை வேகத்தடைகள் அல்ல. இதை எத்தனை முறை சொல்வது! இறங்கி வரும் நீர் அந்தத் தாழ்வில் திரும்பிப் பள்ளத்துப் பக்கம் போய்விடும். எங்கே தாழ்வு வைப்பது என்பதை நான் சரடு கட்டி, முளை அடித்துக் குறித்திருந்தேன். தோட்டத்தில் நெடுநாள் வேலை பார்க்கும், இந்த மலையின் மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். சரடைப் பார்க்கவே இல்லை. குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர்ப் புட்டியைத் திறந்து, முளைக்கு மேலே நிதானமாக ஊற்றினார். நீர் முளையைத் தாண்டி, இரண்டு அடி தள்ளி, ஒரு கல்லிடுக்கில் போய்த் தேங்கியது. முளையைப் பிடுங்கி அங்கே நட்டுவிட்டு, வெற்றிலையை மடித்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஞாயிறும் அவரை வரச் சொல்லிக் கூலி கொடுத்தோம். கணக்கில் 'தொழில்நுட்ப ஆலோசனை' என்று இருப்பது அதுதான்.

பிறகு ஃபெஞ்சல் வந்தது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த புயல் கடலோரத்தோடு நிற்காமல் நம் பக்கம் நகர்ந்து, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதும், ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். வழி திறந்த பிறகு நான் போய்ப் பார்த்தேன். பழைய 130 மீட்டரில் ஆகஸ்ட் முதல் ஒரு சைக்கிளும் ஓடவில்லை. முள் வெட்டிப் போட்டு அடைத்திருந்தோம். அங்கே முழங்கால் ஆழத்துக்கு ஓடை அறுத்திருந்தது. புதுத்தடத்தில் ஒவ்வொரு தாழ்வின் வெளிவாயிலும் சருகும் சுள்ளியும் வரப்புப்போல் குவிந்து கிடந்தன. தண்ணீர் அங்கே திரும்பி வெளியேறியதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? அரை மணி நேரம் அந்தச் சருகுக் குவியல்களைப் படம் எடுத்தேன். குழுவில் போட்டபோது இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். அதே நாளில் புது ஹெல்மெட் படத்துக்கு முப்பத்தொரு பேர்.

ஏழாவது தாழ்வு உடைந்துவிட்டது என்பதையும் எழுத வேண்டும். அது பெரியவர் வராத ஞாயிறு நானே குறித்தது.

வருகைப் பதிவேடு பற்றி. நமது உறுப்பினர்கள் நாற்பத்தேழு பேர். முதல் ஞாயிறு வேலைக்கு வந்தவர்கள் பதினான்கு. இரண்டாவது ஞாயிறு ஆறு. ஐந்தாவது ஞாயிறு என்னையும் சேர்த்து மூன்று. அதில் ஒருவர் உறுப்பினரே அல்லர், உறுப்பினரின் மைத்துனர், விருந்துக்கு வந்த இடத்தில் அகப்பட்டுக்கொண்டவர். அவர் நான்கு மணி நேரம் கல் அடுக்கினார். தடம் திறந்த அன்று காலை சவாரிக்கு வந்தவர்கள் முப்பத்தெட்டு பேர். இந்த எண்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

மோட்டார் சைக்கிள்கள் தடத்துக்குள் புகுவதைத் தடுக்க, நுழைவாயிலில் எழுபது சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கற்கால்கள் நட்டோம். இப்போதைய மலை சைக்கிள்களின் கைப்பிடியும் எண்பது சென்டிமீட்டரைத் தொடுகிறது என்பது நட்ட பிறகே புலப்பட்டது. இறங்கி, கைப்பிடியைச் சாய்த்துத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. மோட்டார் சைக்கிளை அப்படிச் சாய்த்துத் தள்ள முடியாது என்பதால் கற்கள் அப்படியே இருக்கும்.

ஜனவரியில் உறுப்பினர்கள் இருவர் அனுமதியின்றிக் காப்புக்காட்டுக்குள் ஓட்டி அகப்பட்டனர். அபராதத்தை அவர்களே கட்டினார்கள். வன அலுவலக வாசலில் நின்றது நான். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறியவர்கள் இறந்த பிறகு மலையேற்றத்துக்கே தனி விதிகள் வந்துவிட்ட மாநிலம் இது. 1980களில் கலிபோர்னியாவில் தடங்கள் ஒவ்வொன்றாக சைக்கிளுக்கு மூடப்பட்டபோது, அங்குள்ள சங்கங்கள் ஒன்றுசேர்ந்து 1988இல் பன்னாட்டு அமைப்பு ஒன்றைத் தொடங்கி, தாங்களே தடம் பராமரித்து நல்ல பெயர் எடுத்தன. நமக்கு இருப்பது ஒரு தோட்டத்து உரிமையாளரின் நல்லெண்ணம். மழைக்கு மறுநாள் ஓட்ட வேண்டாம் என்றும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறிப்பவர்கள் இருக்கும் வரிசைகளில் நுழைய வேண்டாம் என்றும் நான் கேட்பது இதனால்தான். ஈரத்தில் டயர் போட்ட கோடு அடுத்த மழைக்கு வாய்க்கால்.

கணக்கு: பொருளாளர் வேலை மாறுதலில் பெங்களூரு சென்றுவிட்டதால் கணக்குப் புத்தகம் பஸ் பார்சலில் வந்து சேர்ந்தது. வரவும் செலவும் ஏறத்தாழ ஒத்துப்போகின்றன. 'இதர செலவுகள்' சற்றுக் கூடியிருப்பதற்கு டீ, பரோட்டா, மண்வெட்டிப் பிடி ஆகியவையே காரணம். தணிக்கையாளர் கையொப்பமிட்டுவிட்டார். சந்தா ஆண்டுக்கு அறுநூறு ரூபாய். பத்தொன்பது பேர் இன்னும் செலுத்தவில்லை. பெயர்களைப் படிக்கச் சொல்லித் தலைவர் வற்புறுத்தினார், நான் மறுத்துவிட்டேன். பட்டியல் என் சட்டைப்பையில் இருக்கிறது. ஒரு ஜோடி பிரேக் கட்டைக்கு யோசிக்காமல் கொடுக்கும் தொகையைவிட அதிகமில்லை என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

தோட்டத்து உரிமையாளருக்கும் மேலாளருக்கும், அந்தப் பெரியவருக்கும், மைத்துனருக்கும், கடன் சொன்னாலும் முகம் சுளிக்காத அடிவாரத்து டீக்கடைக்காரருக்கும், ஞாயிறுகளை விட்டுக்கொடுத்த குடும்பத்தாருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் ஏழாவது தாழ்வைத் திருத்த வேண்டும். மேல்பகுதியில் உண்ணிச்செடி மண்டிய இருநூறு மீட்டரைத் திறக்க வேண்டும். எனக்கும் முதுகுவலி. செயலாளர் பொறுப்பை ஏற்க யாரேனும் முன்வந்தால் பதிவேடுகளையும் ரசமட்டத்தையும் இன்றே ஒப்படைக்கத் தயார். முன்வராவிட்டால், ஜூன் இரண்டாவது ஞாயிறு காலை ஆறரை மணிக்கு நாகலூர்ப் பிரிவில் நிற்பேன். சங்கத்தின் கடப்பாரைகள் மூன்றில் ஒன்று பொங்கலுக்கு முன் கிணற்று வேலைக்கென்று ஓர் உறுப்பினர் வீட்டுக்குப் போனது. அவர் இன்று வந்திருக்கிறார். சாப்பாட்டுக்குப் பிறகு என்னைப் பார்க்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்