கடலைப் பார்த்த வீடுகளின் உரித்தாளருக்கு ஒரு திறந்த மடல்

லண்டன், ரொறொன்ரோ, சூரிச், சிட்னி, கொழும்பு என்று பரந்திருக்கும் அண்ணாமார், அக்காமார், மச்சான்மாருக்கு,

வணக்கம். உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். யாழ்ப்பாணத்தில் பருத்தித்துறைக்கும் வல்வெட்டித்துறைக்கும் இடையில் கடலைப் பார்த்தபடி நிற்கும் ஐந்து பழைய வீடுகளின் சாவிகள் என் வீட்டு ஆணியில்தான் தொங்குகின்றன. மாதம் ஒருமுறை திறந்து, காற்றாட விட்டு, ஒட்டடை அடித்து, கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பூட்டி வருவேன். அதற்கு என்ன தருகிறீர்கள் என்பதைப் பற்றி எழுத வரவில்லை. அது வேறு கதை.

போன மாதம் ஒரு குடும்பத்தின் வட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். 23 பேர். யாரோ ஒரு பிள்ளை கணினியில் செய்த படம் ஒன்று வந்தது. நடுவில் முற்றம் வைத்த நாற்சார் வீடு வெள்ளை வெளேரென்று நிற்கிறது. முன்னால் நீலமாக நீச்சல் தடாகம், குடைகள். கீழே, “கோல்பேஸ் மாதிரி எங்கட வீட்டையும் ஆக்கலாம்” என்று ஒரு வரி. சற்று நேரத்தில் பதினேழு கட்டைவிரல்கள். சிரிப்புத்தான் வந்தது. ஆனால் இரவு படுக்கும்போது, அந்த எண்ணத்தில் பிழையில்லையே என்று தோன்றியது. பிழை வேறு இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

கோல்பேஸ் என்றால் கொழும்புக் கடற்கரையில் இருக்கும் பழைய கோல்பேஸ் ஹோட்டல். அங்கே நான் ஒரேயொரு முறைதான் போயிருக்கிறேன், 2012இல், ஒரு கல்யாணத்துக்கு. வாசலில் வெள்ளை மீசையோடு ஒரு முதியவர் கைகூப்பி நின்றார். கேரளத்திலிருந்து வந்து 1942இல் வேலைக்குச் சேர்ந்த சாத்து குட்டன் அவர் என்று பிறகு அறிந்தேன். 2014இல் தொண்ணூற்று நாலு வயதில் காலமாகும்வரை அந்த ஹோட்டலின் ஆளாகவே இருந்தவர். மாலையில் கடற்பக்கம் குழல் ஊதிக் கொடியை இறக்கினார்கள். எல்லோரும் கொடியைப் பார்க்க, நான் தூணைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். தொழில் புத்தி.

அந்த ஹோட்டல் 1864இல் தொடங்கியது. சுயஸ் கால்வாய் திறக்கவே அதற்குப் பிறகு ஐந்து வருடம் இருந்தது. தொடங்கியவர்கள் பிரித்தானிய வியாபாரிகள். எங்கள் ஆட்களின் கைக்கு அது பிறகுதான் வந்தது. 1928இல் சிலோன் தியேட்டர்ஸ் என்ற சினிமாக் கம்பனியைத் தொடங்கிய சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் தமிழர்தான். கொழும்பு இரண்டில் அவர் பெயரில் வீதி இருக்கிறது. அவர் மகன் சிறில் கார்டினர் ஹோட்டலை நடத்தினார், அவருக்குப் பின் பேரன். ஆக, குடும்பச் சொத்து என்று நாம் பெருமையாகச் சொல்லும் அந்தக் கட்டடத்தை அந்தக் குடும்பம் கட்டவில்லை. கைவிடாமல் வைத்திருந்தது. வைத்திருக்க முடிந்ததற்கு ஒரு காரணம், அது ஒரு கம்பனி. அங்கே பங்கு என்றால் கம்பனிப் பங்கு. ஒருவர் இறந்தால் பங்கு கைமாறும், கூரை மாறாது.

எங்கள் பக்கத்தில் பங்கு என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். அந்த 23 பேர் வீட்டையே எடுப்போம். ஆறு பரப்புக் காணி, அதாவது அறுபது பேர்ச். பாட்டனார் பெயரில் உறுதி, அதாவது காணிப் பத்திரம். ஏழு பிள்ளைகள், ஆளுக்கு ஏழில் ஒன்று. ஒருவருக்கு நாலு பிள்ளைகள், அதில் ஒருவர் தவறிவிட்டார், அவருக்கு மூன்று பிள்ளைகள். அந்தக் கடைசிப் பிள்ளையின் உரித்து 84இல் ஒன்று. ஆறு பரப்பில் அது ஒரு பேர்ச்சும் வராது, ஒரு சின்ன அறை அளவு. அந்த அறைக்காரரின் கையெழுத்து இல்லாமல் வங்கியில் ஒரு சதம் கடன் எடுக்க முடியாது. அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்றே குழுவில் பாதிப் பேருக்குத் தெரியாது.

விற்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று. ஒல்லாந்தர் 1707இல் எழுதிவைத்த தேசவழமை, எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டம், இன்னும் நடைமுறையில் இருக்கிறது. பிரிபடாத பங்கை வெளியாருக்கு விற்பதென்றால் கூட்டுரித்தாளருக்குத்தான் முதல் உரிமை. 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் அதை உறுதிப்படுத்தியது. இரகசியமாக முடித்துவிட்டு வந்து சொல்லலாம் என்று பார்த்தால் நீதிமன்றத்தில்தான் போய் நிற்பீர்கள்.

கம்பனி ஆக்குவோம் என்று ஒரு மச்சான் சொன்னார். நல்ல யோசனை, ஆனால் அதில் ஒரு முள் இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜைக்கும், பாதியோ அதற்கு மேலோ வெளிநாட்டுப் பங்குள்ள கம்பனிக்கும் இங்கே காணி எழுத முடியாது. நெருங்கிய உறவுக்கு முதுசமாக, அதாவது பரம்பரைச் சொத்தாக, வருவதற்குத் தடையில்லை, இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவருக்கும் தடையில்லை. அதனால் இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்தவர் யார் யார், வெறும் கனடாக் கடவுச்சீட்டோடு இருப்பவர் யார் யார் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். படத்துக்கு விரல் காட்டுவது அதற்குப் பிறகு.

சரி, வீட்டுக்கு வருவோம். 2003இல், சமாதான காலத்தில், ஒரு அண்ணா ஆசையோடு காசு அனுப்பி, கடற்பக்கச் சுவருக்குச் சீமெந்து பூசுவித்தார். அன்றைக்கு அழகாகத்தான் இருந்தது. போன கிழமை அதே சுவரை விரல் முட்டியால் தட்டினேன். பறை மாதிரிச் சத்தம் கேட்டது. ஒரு துண்டை நெம்பினேன், தட்டு அளவில் கழன்று கையில் வந்தது. பின்னால் ஒரு பிடி வெள்ளைப் பொடி, நாக்கில் வைத்தால் உப்பு. அந்தச் சுவர் முருகைக்கல்லும் (பவளப்பாறைக் கல்) சுண்ணாம்பும். வாடைக்காற்று கொண்டுவரும் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் வெளியே விடும். சீமெந்து அதன் வாயைப் பொத்திவிட்டது. உப்பு உள்ளே இருந்து கல்லைத் தின்கிறது. சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன்மார் எனக்குத் தெரிந்து இரண்டு பேர்தான் மிச்சம். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. அவர்களும் போன பிறகு எத்தனை இலட்சம் அனுப்பினாலும் சீமெந்துதான் பூச வேண்டிவரும்.

கூரையில் பனை மரங்கள் இரும்பு மாதிரி இருக்கின்றன. ஓடு ஒன்றைப் புரட்டினால் மங்களூர் முத்திரை. ஒரு ஓடு விலகினால் அன்றே ஏறி மாற்றினால் போதும். விட்டால் ஒரு மாரியில் சலாகை, மறு மாரியில் சுவர்.

அந்த நீச்சல் தடாகத்தைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள். எங்களுக்கு வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புப் பாறைக்குள் உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படையாகக் கிடக்கும் மழைத்தண்ணீர்தான் கிணற்றில் வருகிறது. கடற்கரையில் மோட்டார் போட்டு இழுத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே வந்துவிடும், பக்கத்து வீட்டுக் கிணறும் சேர்ந்து கெடும். கடலுக்கு எதிரே குந்தியிருந்துகொண்டு தடாகம் எதற்கு என்பது வேறு. முன்னால் வள்ளம் இழுக்கும் இடத்தையும் படத்தில் மறைத்திருந்தார்கள். அது உங்கள் உறுதிக்குள் வராது. கடலிலிருந்து 300 மீற்றருக்குள் எதைக் கட்டினாலும் கரையோரம் பேணல் சட்டப்படி அனுமதி எடுக்க வேண்டும்.

உங்களில் சிலர் இதெல்லாம் நடக்காத காரியம் என்பீர்கள். போருக்குப் பிறகு எங்கள் கடலைக் காட்டி விடுதி நடத்தத் தொடங்கியது யார் என்று பாருங்கள். ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையில் கடற்படை, காங்கேசன்துறையில் இராணுவம். கடல் பார்க்க ஆட்கள் வருவார்களா என்ற கேள்விக்கு அப்போதே விடை கிடைத்துவிட்டது. இப்போது பலாலிக்குச் சென்னையிலிருந்து விமானமும் வருகிறது. நாலு அறை, நல்ல கட்டில், காலையில் பாலப்பம், விறாந்தையில் சாய்மனைக் கதிரை. தொடங்க இவ்வளவு போதும். அறுபது அறை வேண்டாம்.

நல்லூர்த் திருவிழாவுக்கு எப்படியும் உங்களில் பாதிப் பேர் வருவீர்கள். தேருக்கும் தீர்த்தத்துக்கும் பிறகு ஒரு பின்னேரம் அந்த விறாந்தைக்கு வாருங்கள். வரும்போது உறுதிப் பிரதி, பிறப்பு, மரணச் சான்றிதழ்கள், வராதவர்கள் தங்களுக்காகக் கையெழுத்திட அதிகாரம் தரும் அற்றோர்ணித் தத்துவம் எல்லாம் கொண்டு வாருங்கள். அந்த 84இல் ஒன்றுக்காரரையும் யாராவது தேடிப் பிடியுங்கள். சட்டத்தரணி ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், மேசன்மாரில் ஒருவரும் வந்து சுவரைப் பார்ப்பார். கதிரைகள் வாசிகசாலையில் இரவல் வாங்கலாம். தேத்தண்ணீர் என் பொறுப்பு.

கிணற்றடிப் பக்கக் கதவின் பூட்டு துருப்பிடித்ததால் மாற்றிவிட்டேன். பழைய திறப்பு வைத்திருப்பவர்கள் முன்வாசலால் வாருங்கள்.

இப்படிக்கு,
சாவி வைத்திருப்பவன்