1939 போலந்து விமானங்களுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் போர் விமான சிமுலேட்டர்களை (கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டுகளை) பற்றி வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் பற்றிய பகுதிகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் போகிற போக்கில் ஒரு கருத்து வந்தது: போலந்தின் பழைய விமானங்களைச் சேர்த்து என்ன ஆகப்போகிறது, அவை முதல் நாளே தரையில் அழிந்தவைதானே என்று. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதல் நாளே தரையில் அழிந்தன என்பது உண்மையல்ல. 1939 ஆகஸ்ட் கடைசியிலேயே போலந்து தன் களப் படையணிகளை நிரந்தரத் தளங்களிலிருந்து கிளப்பி, வெளியே தெரியாத புல்வெளி ஓடுதளங்களுக்கு மாற்றிவிட்டது. செப்டம்பர் 1 காலையில் ஜெர்மனி படையெடுத்தபோது குண்டு விழுந்த தளங்களில் நின்றவை பெரும்பாலும் பயிற்சி விமானங்களும் பழுதுபார்க்க வந்தவையும்தான். வார்சாவைக் காக்கும் படையணியில் ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட சண்டை விமானங்கள் இருந்தன. அவை அன்று காலையிலேயே மேலேறி ஹெயின்கெல் 111 என்ற ஜெர்மன் குண்டுவீச்சு விமானக் கூட்டத்தோடு மோதின. நாடு முழுவதற்கும் களத்தில் இருந்தவை ஏறக்குறைய 160. அதிலும் முப்பது போல, இன்னும் பழைய பி.7 ரகம்.

மீதி எல்லாம் பி.11. இதன் மூல வடிவம் ஜிக்முந்த் பூவாவ்ஸ்கி என்ற பொறியாளருடையது. 1931-இல், தானே வடிவமைத்த வேறொரு விமானத்தை ஓட்டும்போது விபத்தில் இறந்துபோனார். அவருடைய இறக்கையைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். உடலை ஒட்டும் இடத்தில் மெலிந்து, மேல்நோக்கி எழும்பி, அப்புறம் கிடையாக நீளும். விமானியின் கண்ணுக்கு நேரே இறக்கை குறுக்கிடாது என்பதால் முன்னும் மேலும் தாராளமாகத் தெரியும். முப்பதுகளின் தொடக்கத்தில் இதைப் பார்த்து உலகமே வியந்தது. 1939-இல் காலம் அதைத் தாண்டிப் போய்விட்டது. திறந்த காக்பிட், மடங்காத சக்கரங்கள், மரத்தாலான இரண்டு இதழ் புரொப்பல்லர், பெரும்பாலானவற்றில் இரண்டே இயந்திரத் துப்பாக்கிகள். எல்லா விமானங்களிலும் ரேடியோகூட இருக்கவில்லை. நல்ல உயரத்தில் மணிக்கு 375 கிலோமீட்டர் போகும். எதிரே வந்த மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் இ ரகம் 550-ஐத் தாண்டும். அது போகட்டும், மறிக்க வேண்டிய குண்டுவீச்சு விமானங்களில் பலவே இதைவிட வேகமானவை.

இதை ஏன் சேர்க்க வேண்டும் என்பதற்கு என் பதிலும் அதுதான். எதிரியைவிட மெதுவான விமானத்தில் உட்கார்ந்தால் வேறு மாதிரி யோசித்தே ஆக வேண்டும். பின்னால் துரத்தி ஹெயின்கெலைப் பிடிக்க முடியாது. அது வரும் வழியைக் கணித்து முன்கூட்டியே மேலே போய்க் காத்திருக்க வேண்டும், முதல் பாய்ச்சலிலேயே சுட்டு முடிக்க வேண்டும், இரண்டாவது வாய்ப்பு அநேகமாகக் கிடையாது. பாயும்போதும் எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலில் கவனம் வேண்டும். புரொப்பல்லரின் கோணம் மாறாது என்பதால் வேகம் கூடக்கூட எஞ்சின் சுழற்சி எல்லையை மீறும், விசையைக் குறைத்தாக வேண்டும். கீழே மெஸ்ஸர்ஷ்மிட்டிடம் மாட்டிக்கொண்டால் இறுக்கமாகத் திரும்பிக்கொண்டே இருப்பதுதான் வழி. திரும்புவதில் மட்டும் பி.11-ஐ அதனால் மிஞ்ச முடியாது. வேகமான விமானத்தில் எத்தனை மணி நேரம் பறந்தாலும் இந்தப் பாடம் கிடைக்காது.

போலந்து விமானிகளுக்கு இதெல்லாம் உயிர்ப் பிரச்சினை. செப்டம்பர் 1 அதிகாலையில் கிராகூவ் அருகே பாலிட்ஸே தளத்திலிருந்து கேப்டன் மெத்வெட்ஸ்கியும் லெப்டினன்ட் க்னிஷும் கிளம்பினார்கள். ஏறிக்கொண்டிருக்கும்போதே ஸ்டூகா என்ற ஜெர்மன் குண்டுவீச்சு விமானம் ஒன்று மெத்வெட்ஸ்கியைச் சுட்டு வீழ்த்தியது. க்னிஷ் எப்படியோ தப்பினார். கொஞ்ச நேரத்தில் அவர் தாக்கிய இரண்டு டோர்னியர் 17 ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்களும் ஜுராடா கிராமத்தில் விழுந்தன. நேச நாடுகள் தரப்பில் அந்தப் போரின் முதல் வான்வெற்றி என்று சொல்லப்படுவது இதுதான். அவர் 121-ஆவது எஸ்காட்ராவை (போலந்து விமானப் படைப்பிரிவை) சேர்ந்தவர். உலகில் எஞ்சியிருக்கும் ஒரே பி.11சி-யும் (பி.11-இன் சி ரகம்) அதே எஸ்காட்ராவினுடையது, இன்று கிராகூவ் விமான அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நேரில் போய்ப் பார்க்க நம்மில் எத்தனை பேருக்கு முடியும்? அதன் காக்பிட்டில் உட்கார நமக்கெல்லாம் சிமுலேட்டர்தான் ஒரே வழி.

1940-இல் ஜெர்மனியின் தாக்குதலை எதிர்த்து நடந்த பிரிட்டன் வான்போரைப் பல சிமுலேட்டர்கள் காட்டுகின்றன. அதில் பிரிட்டனின் ஹரிகேன் சண்டை விமானத்தை ஓட்டிப் புகழ்பெற்ற போலந்து விமானிகளின் 303 ஸ்குவாட்ரனை எல்லோருக்கும் தெரியும். அதன் விமானிகளில் பலர் வார்சா படையணியில் பி.11 ஓட்டியவர்கள், அதன் சின்னமே 111-ஆவது எஸ்காட்ராவிலிருந்து வந்தது. அவர்கள் 1940-இல் திடீரென்று வானத்திலிருந்து குதித்தவர்களா என்ன? 1939-ஐ விட்டுவிட்டால் அவர்கள் எங்கே கற்றார்கள், எதை இழந்து வந்தார்கள் என்று ஆடுபவருக்குப் புரிய வழியே இல்லை.

தயாரிப்பாளர்கள் செலவைச் சொல்வார்கள். ஒரு விமானத்துக்கு மாடல், காக்பிட், பறக்கும் தன்மைக் கணக்கு எல்லாம் செய்ய மாதக்கணக்கில் வேலை என்பது சரிதான். ஆனால் பி.11 ஒரே போர்முனையோடு முடிகிற விமானம் அல்ல. ருமேனியா தன் சொந்தத் தொழிற்சாலையிலேயே பி.11எஃப் செய்து 1941-இல் சோவியத் எல்லையில் பறக்கவிட்டது. இதே குடும்பத்தின் பி.24-ஐ கிரேக்கம் 1940-இல் இத்தாலியருக்கு எதிராக ஓட்டியது. அடிப்படை உழைப்பின் பெரும்பகுதி மூன்று போர்முனைகளுக்கும் பயன்படும். செய்யவே முடியாத காரியமும் அல்ல, ஐஎல்-2 ஸ்டுர்மோவிக் என்ற சிமுலேட்டர் வரிசையின் பழைய பதிப்பில் பி.11சி ஓட்டக் கிடைத்தது.

தோற்கும் விமானத்தை யார் எடுப்பார்கள் என்ற கேள்விக்கு, மிஷனை ஒழுங்காக அமைத்தால் போதும் என்பேன். எத்தனை மெஸ்ஸர்ஷ்மிட்டை வீழ்த்தினாய் என்று எண்ணாமல், குண்டுவீச்சுக் கூட்டம் வார்சாவை அடையும் முன் கலைந்ததா என்று மதிப்பெண் போடட்டும். எதிர்ப்பக்கத்தில் மெஸ்ஸர்ஷ்மிட்டின் பழைய ரகங்களையும் கலக்கட்டும். அன்றைய ஜெர்மன் படையிலும் அவை இருந்தன.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்கவில்லை. ஒன்றுதான் முடியும் என்றால் பி.11சி. இரண்டாவதாக கராஷ்: மூன்று பேர் போகும் ஒற்றை எஞ்சின் குண்டுவீச்சு விமானம், டாங்கி வரிசைகள் மேல் தாழப் பறந்து தாக்கப் போய் மிகப் பெரிய இழப்பைச் சந்தித்தது. மூன்றாவது வோஷ். இரட்டை எஞ்சின் கொண்ட இந்தக் குண்டுவீச்சு விமானத்தைப் பழையது என்று சொல்வதே தவறு, அன்றைய ஐரோப்பாவின் நல்ல வடிவமைப்புகளில் ஒன்று அது. உங்கள் அடுத்த கட்டுரையில் இந்த மூன்றுக்கும் அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், திருச்சி