மூன்று குறில், ஒரு நெடில்

அம்பாசமுத்திரம்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்ற வரியைப் படித்த பிறகுதான் மிச்சத்துக்குப் போனேன். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். இங்கே எல்லாரும் சுகம். மூத்தவள் நர்சிங் இரண்டாம் வருஷம். பிசான நெல்லுக்கு நாற்றுப் பாவியாகிவிட்டது, கால்வாயில் தண்ணீர் நிறைய ஓடுகிறது.

தலைமையாசிரியர் பள்ளியின் சாரணப் படையை, அதாவது ஸ்கவுட் பொறுப்பை, உன் தலையில் கட்டிவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். அப்படி எழுதாதே மாப்ளே, எனக்கு வருத்தமாக இருந்தது. எட்டாம் வகுப்பில் நீ பருந்து அணிக்குத் தலைவன், நான் உனக்குத் துணை. உன்னை விடப் பொருத்தமான ஆள் அந்தப் பள்ளிக்கூடத்தில் கிடைக்கப் போவதில்லை. ஏழு நாள் அடிப்படைப் பயிற்சி முடித்து, நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்தும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் முன்னால் நின்றதும் எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை என்கிறாய். போனில் பேசினால் பேச்சு வேறெங்கோ போய்விடும். அதனால்தான் இங்கே என் படையில் நான் கற்றதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதல் வேலை, அணிகளைப் பிரி. ஒரு அணிக்கு ஆறு முதல் எட்டுப் பேர், நான்கு அணி சேர்ந்தால் ஒரு படை, ஆக மிஞ்சிப் போனால் 32 பேர். அறுபது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்களே, எல்லாரையும் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். இரண்டாவது படைக்கு இன்னொரு ஆசிரியர் கிடைக்கும்வரை மீதிப் பேர் காத்திருக்கட்டும். அறுபது பேரை வரிசையில் நிறுத்தினால் கவாத்துதான் நடக்கும், சாரணம் நடக்காது. உங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகளும் படிக்கிறார்கள் அல்லவா? அவர்களுக்குச் சாரணியர் பிரிவு தனியாக உண்டு, அதற்கு ஒரு ஆசிரியை வேண்டும். இப்போதே யாரிடமாவது பேசி வை.

அணி பிரிக்கும்போது ஒன்றைக் கவனி. பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டால் தெருவாரியாகக் கூடிவிடுவார்கள். நம்ம பக்கத்துத் தெருக்களைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் வகுப்பையும் வயதையும் மட்டும் பார்த்துக் கலந்துபோடுவேன். முகாமில் ஒரு அணிக்கு ஒரு பானை. எட்டுப் பேரும் அதில்தான் சமைக்க வேண்டும், அதிலிருந்துதான் சாப்பிட வேண்டும். முதல் முகாமில் ஒரு பையன் வீட்டிலிருந்து புளிசாதம் கட்டிக்கொண்டு வந்து தனியாக உட்கார்ந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் உப்புமாவுக்கு வெங்காயம் நறுக்கும் முறை அவனுக்கு. நறுக்கினான், அவர்களோடே உட்கார்ந்து சாப்பிட்டான். சாரண இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907-ல் இங்கிலாந்தின் ப்ரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமிலேயே பணக்காரப் பள்ளிகளில் படித்த பையன்களையும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளையும் ஒன்றாகக் கலந்துதான் ஓநாய், காளை, அண்டங்காக்கை என்று அணி பிரித்தார். ஆனால் இயக்கம் 1909-ல் நம் நாட்டுக்கு வந்தபோது வெள்ளைக்கார, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றுதான் வந்தது. நம் பிள்ளைகளுக்கு வாசல் சாத்தியிருந்தது. 1916-ல் அன்னி பெசன்ட்டும் அருண்டேலும் சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்கென்று தனிச் சங்கம் தொடங்கிய பிறகுதான் வழி திறந்தது. இதை உன் பையன்களுக்குக் கதையாகச் சொல். ஒரு காலத்தில் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் நாம், நம் அணியில் யாரையும் வெளியே நிறுத்தக் கூடாது என்று நான் ஒவ்வொரு ஜூன் மாதமும் சொல்கிறேன்.

அடுத்தது அணித் தலைவர்கள். இதுதான் கடிதத்தின் முக்கியமான இடம், நிதானமாகப் படி. விசில் சைகைகள் உனக்கு நினைவிருக்கும். நீளமாக ஒன்று என்றால் அமைதி, கவனி. குட்டையாகப் பல என்றால் ஓடி வந்து கூடு. குட்டையும் நீளமுமாக மாறி மாறி வந்தால் ஆபத்து. மூன்று குட்டை, ஒரு நீளம் என்றால் அணித் தலைவர்கள் மட்டும் வர வேண்டும். எங்கள் தமிழையா அதைக் கேட்டுவிட்டு “மூன்று குறில், ஒரு நெடில்” என்றார், பையன்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். என் விசிலிலிருந்து அதிகம் வரும் சத்தம் இதுதான். சொல்ல வேண்டியதை நான்கு பேரிடம் சொல்வேன். அவர்கள் போய்த் தங்கள் அணிக்குச் சொல்வார்கள். கூடாரம் எங்கே போடுவது, யார் விறகு, யார் தண்ணீர், எல்லாம் அவர்கள் பொறுப்பு.

இதை நான் முதலில் சரியாகச் செய்யவில்லை. மூன்றாவது வருஷ முகாமில் ஒரு அணித் தலைவன் முளைகளைக் கூடாரத்தின் பக்கமாகச் சாய்த்து அடித்திருந்தான். தலை வெளிப்பக்கம் சாய்ந்தால்தான் கயிறு இழுக்கும்போது முளை பிடித்து நிற்கும். மழை மேகம் திரண்டிருந்தது. நான் போய் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, என் கையாலேயே அடித்தேன். அவன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு ஓரமாக நின்றான். அவன் அணிப் பையன்கள் என்னைப் பார்த்தார்கள், பிறகு அவனைப் பார்த்தார்கள். கூடாரம் நின்றது. அவன் தலைமை அன்றைக்கே விழுந்துவிட்டது. அதன்பின் உப்பு எவ்வளவு போட வேண்டும் என்பதைக்கூட என்னிடம் வந்து கேட்டான். அந்த வருஷம் முழுக்க அந்த அணி தேறவேயில்லை. அவனைத் தனியாகக் கூப்பிட்டு, முளை எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், அவனே மாற்றியிருப்பான். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் நீ நேரே போய்க் கை வை. தண்ணீர், நெருப்பு, ரோடு, இந்த மூன்றிலும் விட்டுப்பிடிக்கும் பேச்சே கிடையாது. குளத்தில் யாரும் இறங்கக் கூடாது, முகாமில் இரண்டு பெரியவர்கள் இல்லாமல் இரவு தங்கக் கூடாது. மற்றபடி சோறு குழைந்தால் குழையட்டும்.

மாதம் ஒருமுறை கோர்ட் ஆஃப் ஹானரைக் கூட்டு, அணித் தலைவர்கள் உன்னோடு உட்கார்ந்து படையின் விஷயங்களை முடிவு செய்யும் கூட்டம் அது. நோட்டில் எழுதியிருப்பாய், ஆனால் நிஜமாகவே கூட்ட வேண்டும். வேப்ப மரத்தடியில் ஐந்து பேர் உட்கார்ந்தால் போதும். ஒரு பையன் மூன்று வாரம் சொல்லாமல் வரவில்லை. நானாக இருந்தால் பெயரை அடித்திருப்பேன். அவன் அணித் தலைவன் எழுந்து, “சார், அவங்க அப்பா பீடிக் கடையில இப்ப அவன்தான் சாயங்காலம் உக்காருறான். சனிக்கிழமை காலையில வச்சா வருவான்” என்றான். அன்றிலிருந்து எங்கள் கூட்டம் சனிக்கிழமை காலைக்கு மாறியது. மூன்று அணித் தலைவர்கள் கை தூக்கினார்கள், ஒருவன் மறுத்தான், முடிவு எழுதப்பட்டது. நான் கையெழுத்து மட்டும் போட்டேன்.

பிள்ளைகளிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்று கேட்டாயே. வர வேண்டும். வர முடியாவிட்டால் அணித் தலைவனிடம் சொல்ல வேண்டும், உன்னிடம் இல்லை. சீருடை சுத்தமாக இருக்க வேண்டும், புதிதாக இருக்க வேண்டியதில்லை. சாம்பல் சட்டையும் கருநீலக் கால்சட்டையும் தைக்க வசதியில்லாத வீடுகள் உண்டு. பத்தாம் வகுப்பு முடித்துப் போகிறவர்களிடம் சீருடையை வாங்கித் துவைத்து வைத்துவிடு, ஜூன் மாதம் யாருக்கு எது பொருந்துகிறது என்று அணித் தலைவர்களே பார்த்துக் கொடுப்பார்கள். எங்கள் பீரோவில் இப்போது பதினொரு சட்டை இருக்கிறது. முதலில் கொடுத்தவன் பெயர் காலருக்கு உள்ளே நூலால் தைத்திருக்கும்.

புதிதாகச் சேர்ந்தவனுக்குக் கொடுக்கும் முதல் சின்னமான பிரவேஷை அவசரப்பட்டுக் குத்திவிடாதே. குறைந்தது மூன்று மாதம் ஆகட்டும். உறுதிமொழியும் சாரண விதிகள் ஒன்பதும் ஒப்பித்தால் மட்டும் போதாது. வீட்டில் தினம் ஒரு நற்செயல் செய்து ஒரு மாதம் டைரி எழுத வேண்டும் என்று இருக்கிறதல்லவா, அதைத்தான் நான் உன்னிப்பாகப் பார்ப்பேன். முப்பது நாளும் “அம்மாவுக்கு உதவினேன்” என்று ஒரே மையில் எழுதிக்கொண்டு வருவார்கள். போன வருஷம் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் டைரியில் பதின்மூன்றாம் நாளில், “இன்று ஒன்றும் செய்யவில்லை. தங்கச்சியை அடித்துவிட்டேன்” என்று இருந்தது. அடுத்த நாள், “தங்கச்சிக்கு ஜடை பின்னிவிட்டேன். சரியாக வரவில்லை.” அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போடும்போது என் கை கொஞ்ச நேரம் நின்றது மாப்ளே. அந்த வருஷம் முதல் சின்னம் அவனுக்குத்தான்.

பிரதம, துவிதிய, திருதிய சோபான் என்று படிகள் இருக்கின்றன, அதற்கு மேல் ஆளுநர் கையால் ராஜ்ய புரஸ்கார் விருது, அப்புறம் குடியரசுத் தலைவர் விருது. பெற்றோர் பலரும் கடைசிச் சான்றிதழைத்தான் கேட்டு வருவார்கள். அவர்களைக் கோபித்துக்கொள்ளாதே. ஆனால் படியைத் தாண்டவும் விடாதே. பழைய தேதி போட்டுப் பதிவேட்டில் எழுதச் சொல்லி உன்னையும் யாராவது கேட்பார்கள். என்னை ஒருவர் கேட்டார், மறுத்தேன், தன் பிள்ளையைப் படையிலிருந்து நிறுத்திவிட்டார். இன்னும் அந்தப் பையனைக் கடைத்தெருவில் பார்த்தால் மனசு சங்கடப்படுகிறது. இருந்தாலும் பொய்த் தேதியின் மேல் “சாரணன் நம்பத் தகுந்தவன்” என்ற முதல் விதியை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

முடிச்சுகளுக்கு நிறைய நேரம் கொடு. ரீஃப் நாட் என்ற முடிச்சை மேஜைக்காலில் கட்டிக் காட்டினால் மறந்துவிடுவார்கள், கழுத்து ஸ்கார்ஃபை வைத்து, அடிபட்ட கையைத் தாங்கும் தொட்டில்கட்டுப் போடச் சொல்லிக் கற்றுக்கொடு. ஆகஸ்டில் நடந்ததைச் சொல்கிறேன். பஸ் நிறுத்தத்தில் ஐந்தாம் வகுப்புக் குழந்தை சைக்கிளிலிருந்து விழுந்து முன்கை வளைந்துவிட்டது. சுற்றிலும் பெரியவர்கள் சோடா வாங்க ஓடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் எட்டாம் வகுப்புப் பையன் கழுத்திலிருந்த ஸ்கார்ஃபைக் கழற்றினான். இன்னொருவன் நோட்டு அட்டையைக் கைக்குக் கீழே அணைத்துப் பிடித்துக்கொண்டான். முதலாமவன் காறை எலும்புக்கு மேலே இருக்கும் குழியில் முடிச்சு வரும்படி கட்டினான். கட்டி முடித்ததும் குழந்தையின் நகத்தை மெல்ல அழுத்தி, வெளுத்தது மறுபடி சிவக்கிறதா என்று பார்த்தான். நான் தெருவின் மறுபக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன், அருகே போகவில்லை. ஆட்டோவில் ஏற்றும்போது குழந்தையின் அம்மா, “யாருய்யா நீ?” என்று கேட்டாள். அவன் தன் அணியின் பெயரைச் சொன்னான்.

மணப்பாறையில் 2025 ஜனவரிக் கடைசியில் நடந்த வைர விழா ஜம்போரி என்ற பெரிய சாரணர் முகாம் பற்றி நேரில் நிறையச் சொல்ல வேண்டும். மற்ற மாநிலப் பிள்ளைகளோடு மொழி தெரியாமலே நம் பையன்கள் சமையல் பொருளை மாற்றிக்கொண்டதை இங்கே எழுதி முடியாது.

உங்கள் கரிசல் மண்ணில் மழைக்காலத்தில் முளை நிற்காது, அதனால் உன் முதல் முகாமை இங்கே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. அரையாண்டு விடுமுறையில் இரண்டு நாள் வா. எல்லாரையும் கூட்டி வர வேண்டாம், உன் நான்கு அணித் தலைவர்களும் துணைத் தலைவர்களும் மட்டும் போதும். சவுக்குக் கம்பும் தேங்காய் நார்க் கயிறும் என்னிடம் இருக்கின்றன. தட்டு வைக்கும் தாங்கி, கை கழுவும் மேடை, ஈரக் குப்பைக்கும் உலர்ந்த குப்பைக்கும் தனித்தனிக் குழி, எல்லாம் எங்கள் பையன்கள் உன் பையன்களுக்குக் காட்டுவார்கள். நாம் இரண்டு பேரும் தள்ளி உட்கார்ந்து தேங்காய் துருவலாம். தலைக்கு இருநூறு கிராம் அரிசியும் ஒரு தட்டும் டம்ளரும் கொண்டு வரச் சொல், பிஸ்கட் டப்பா வேண்டாம். பெற்றோர் கையெழுத்து வாங்க மறக்காதே. எந்தத் தேதி என்று நீ முடிவு செய்யாதே, உன் கோர்ட் ஆஃப் ஹானரில் வைத்துக் கேட்டு எழுது.

அம்மாவுக்கு என் வணக்கம்.

சாரணர் வழக்கப்படி இடக்கைக் குலுக்கலுடன்,
உன் பழைய பருந்து அணித் துணைத் தலைவன்