தட்டிகளைக் காப்பாற்றித் தந்த எல்லோருக்கும் நன்றி

தோழர்களுக்கும் ஊர் மக்களுக்கும் வணக்கம்.

சுதந்திரப் போராட்ட வீரரும் மார்க்சிஸ்ட் கட்சித் தலைவருமான தோழர் சங்கரய்யாவின் வாழ்க்கையைப் படத் தட்டிகளாக வைத்த நினைவுநாள் கண்காட்சி நல்லபடியாக முடிந்துவிட்டது. இடையில் ஒரு ராத்திரி மழையில் தட்டிகள் நனைந்துபோயின; பந்தல் என்ன ஆனது என்று மதுரையில் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல மனசு வரவில்லை.

முதல் நன்றி எதிர்வீட்டு ஐயாவுக்கு. பெயரைப் போடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கதர்ச் சட்டைக்காரர், பரம்பரைக் காங்கிரஸ். அந்த நேரத்தில் கதவைத் திறந்து, "எல்லாத்தையும் உள்ளே கொண்டாங்கப்பா" என்றார். இளவயதில் போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தவராம். நாங்கள் துடைக்கப் போனதும் கையைப் பிடித்துக்கொண்டார். "தேய்க்காதீங்க தம்பி, மை வந்துடும். ஒத்தி எடுங்க." கூடத்தில் பழைய பேப்பரை விரித்துத் தட்டிகளைப் படுக்க வைத்தார். சலவை வேட்டி ஒன்றைக் கிழித்து, தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாக ஒத்தி எடுத்தார். எழுபது வயதுக்கு மேல் அவருக்கு. விடியும் வரை எழுந்திருக்கவில்லை.

அமெரிக்கன் கல்லூரித் தட்டிதான் அதிகம் நனைந்திருந்தது. பி.ஏ. இறுதித் தேர்வு நெருங்கிய சமயம், 1941-ல், தோழர் கைதாகிப் படிப்பை இழந்த கதை அதில்தான் இருக்கிறது. இந்த நாட்டுக்காக வருஷக்கணக்கில் ஜெயிலில் கிடந்தவர், கடைசியாக 1947 ஆகஸ்ட் 14 அன்று விடுதலையானார். அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்க மதுரை காமராசர் பல்கலைக்கழகம் முடிவெடுத்தும், 2023-ல் ஆளுநர் ஒப்புதல் தரவில்லை. அந்த நவம்பரிலேயே தோழர் போய்விட்டார். எங்களுக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தத் தட்டியை ஒத்திக்கொண்டே ஐயா சொன்னார்: "77-லயும் 80-லயும் மதுரை கிழக்குத் தொகுதியில இவருக்கு எதிராத்தான் ஓட்டுக் கேட்டேன். ரெண்டு தடவையும் இவர்தான் ஜெயிச்சார். ஆனா அவர் மேல ஒரு குத்தம் சொல்லி ஓட்டுக் கேக்க எங்களால முடியலை தம்பி." எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. 1967-ல் மதுரை மேற்குத் தொகுதி எம்.எல்.ஏ., அப்புறம் கிழக்கில் இரண்டு முறை, 1995 முதல் கட்சியின் மாநிலச் செயலாளர் என்று தட்டிகளில் வரிசையாக எழுதியிருந்தோம். எதிரே நின்றவர் வாயால் வந்த இந்த வார்த்தையை நாங்கள் எங்கே எழுத முடியும்?

தார்ப்பாய் தந்த லாரி ஷெட் அண்ணன்கள், பந்தல்காரர், வாடகை வாங்காத மைக்செட் தம்பி, அதிகாலையில் டீயோடு வந்த மாதர் சங்கத் தோழர்கள், மூன்று தட்டிகளைக் கூலி இல்லாமல் திரும்ப அச்சடித்துத் தந்த அச்சகத்தார், ராத்திரி முழுக்க விழித்த வாலிபர் சங்கப் பிள்ளைகள், எல்லோருக்கும் கைகூப்பிய நன்றி.

உண்டியலில் சேர்ந்ததில் ஒரு ரூபாய்கூட எங்கள் கிளைக்கு எடுத்துக்கொள்ளப் போவதில்லை. தமிழக அரசின் தகைசால் தமிழர் விருதோடு வந்த 10 லட்சத்தை அப்படியே முதல்வரின் நிவாரண நிதிக்குக் கொடுத்தவர் பெயரில் சேர்ந்த பணம் அது. மழையில் வீடு இழந்த குடும்பங்களுக்கு இந்த வாரமே கொடுத்துவிடுகிறோம். தட்டிகளை வைக்க விரும்பும் பள்ளி, கல்லூரிகள் சொல்லியனுப்புங்கள். ஏற்றி இறக்குவது எங்கள் பொறுப்பு. ஐயாவும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.