கடை கம்ப்யூட்டர அப்டேட் பண்ணுங்க
ஆசிரியருக்கு வணக்கம். கீழமாசி வீதி, விளக்குத்தூண் பக்கம் நெறைய கடைல பில்லிங் கம்ப்யூட்டர் இன்னமும் அப்டேட் நின்னுபோன விண்டோஸ் 7தான், கேட்டா "ஓடுதுல்ல, விடுங்கண்ணே"ங்கிறாங்க. 2017 மே மாசம் வந்து, ஃபைலயெல்லாம் பூட்டிட்டுப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ மறந்துட்டாங்க போல. யாரும் எந்த லிங்க்கையும் தொட வேண்டியதில்ல, ஃபைல் ஷேரிங்குக்கு விண்டோஸ்ல இருக்குற எஸ்எம்பி-ல ஒரு ஓட்டை, அது வழியா 445-ஆம் போர்ட்ல (நெட்வொர்க் வாசல் மாதிரி) நுழைஞ்சு மெஷின் விட்டு மெஷின் தானாவே பரவுச்சு, இத்தனைக்கும் அத அடைக்கிற பேட்ச் மார்ச்லயே வந்துருச்சு!

கல்லா மெஷினும் குடோன் மெஷினும் ஒரே ரவுட்டர்ல இருந்தா ஒண்ணு போனா எல்லாம் போச்சு. அப்டேட் வர்ற விண்டோஸுக்கு மாறுங்க, பழைய எஸ்எம்பி வெர்ஷன ஆஃப் பண்ணுங்க, ரவுட்டர்ல 445-ஐ வெளிய தொறந்து வைக்காதீங்க. பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்க்க உருவித் தனியா வைங்க, சொருகியே கெடந்தா வைரஸ் அதையும் சேத்துப் பூட்டிரும். வணிகர் சங்கத்துக்காரங்க கடைக்காரங்களக் கூப்பிட்டு இத எடுத்துச் சொல்லணும்.

- கம்ப்யூட்டர் சர்வீஸ் பாக்குறவன், மதுரை