காத்திருப்புக் கூடத்தின் காற்று: மருத்துவமனைகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகிகளுக்கு,

வணக்கம். எனக்கு 11 வருடமாக சிஓபிடி. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று உங்கள் சுவரொட்டிகளில் எழுதியிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு வந்து, டோக்கன் வாங்கி, காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்து, மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போகிறவன். எந்த மருத்துவமனை என்று எழுதவில்லை. நான் போன நான்கைந்து இடங்களிலும் அந்தக் கூடம் ஒரே மாதிரிதான் இருந்தது. அதனால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

கேட்க வந்தது ஒரே விஷயம். அந்தக் கூடத்தின் காற்றைச் சரிசெய்யுங்கள்.

போன வருடம் நடந்ததைச் சொல்கிறேன். வழக்கமான பரிசோதனை நாள். நோய் கட்டுக்குள் இருந்தது, இன்ஹேலரை ஒரு வேளைகூட விடவில்லை. கூடத்தில் நாற்பது பேருக்கு மேல். ஏசி ஓடுகிறது என்று எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. எனக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்து பார்த்தேன், முடியவில்லை. சுவருக்குப் பெயின்ட் அடித்தபோது கொக்கியையும் சேர்த்து அடித்திருந்தார்கள். பெயின்ட் காய்ந்து கொக்கி சட்டத்தோடு ஒட்டிப் போயிருந்தது. என் வலப்பக்கம் ஒரு பையன், இருபது வயது இருக்கும், காய்ச்சலில் கண் சிவந்து, விடாமல் இருமிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும் முழங்கையை மடித்து வாயை மூடிக்கொண்டான். "சாரி அங்கிள்" என்று இரண்டு தடவை சொன்னான். அவன் மேல் எனக்குத் துளிகூடக் கோபம் இல்லை. உடம்பு சரியில்லாமல் மருத்துவமனைக்கு வந்தவன் வேறு எங்கே போய் உட்காருவான்?

இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். மருத்துவர் நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கீங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார்.

மூன்றாம் நாள் தொண்டை கரகரத்தது. ஐந்தாம் நாள் விடியற்காலையில் படுக்கையிலிருந்து குளியலறைக்கு நடக்கும்போது பாதி வழியில் நின்றுவிட்டேன். கதவுச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, மூச்சு வெளியே போவதற்காகக் காத்திருந்தேன். வெளியே போவதற்காக என்றுதான் சொல்கிறேன். எங்களுக்கு மூச்சை இழுப்பது கஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். விடுவதுதான் கஷ்டம். குறுகிப்போன குழாய்களில் காற்று உள்ளேயே தங்கிவிடும். நிறைந்த குடத்தில் மேலும் ஊற்ற முடியாதது போல, நிறைந்த நெஞ்சுக்குள் புதுக் காற்று இறங்காது. அந்த நேரத்தில் வாயைக் குவித்து ஊதிக்கொண்டே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுவேன். அன்றைக்கு இரண்டைத் தாண்ட முடியவில்லை.

ஒன்பது நாள் வார்டில் இருந்தேன். ஸ்டீராய்டு, நெபுலைசர், ஆக்சிஜன் எல்லாம் கொடுத்தார்கள், நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். வீடு திரும்பிய பிறகுதான் கணக்கு தெரிந்தது. எங்கள் வீட்டு மாடிப்படி 12. முன்பு ஒரே மூச்சில் ஏறுவேன். இப்போது ஏழாவது படியில் நிற்க வேண்டியிருக்கிறது. வருடம் ஒன்று முடிந்துவிட்டது, எட்டாவது படி இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை.

சாதாரண சளிதானே என்று சொல்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு நோய் திடீரென்று முற்றுவதற்குப் பெரும்பாலும் மூச்சுப்பாதைத் தொற்றுதான் காரணம். அதில் வைரஸ்களின் பங்கு பெரிது. சாதாரண சளியைக் கொண்டுவரும் ரைனோவைரஸ், ஃப்ளூ, ஆர்எஸ்வி, கொரோனா, எல்லாமே அந்தப் பட்டியலில் உண்டு. ரைனோவைரஸில் மட்டும் 150க்கும் மேற்பட்ட வகைகள், இன்றுவரை தடுப்பூசி கிடையாது. உங்களுக்கு மூக்கோடு போகும் அதே வைரஸ் எங்களுக்கு மார்புக்குள் இறங்குகிறது. ஏற்கெனவே குறுகிய குழாய் வீங்கி இன்னும் குறுகும், கோழை கட்டும், கோழையை வெளியே தள்ள வேண்டிய மெல்லிய இழைகள் செயலிழக்கும். தன்னார்வலர்களுக்கு ரைனோவைரஸைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்றில், சிஓபிடி உள்ளவர்களில் 60 சதவீதம் பேருக்குப் பின்னாலேயே பாக்டீரியாத் தொற்றும் சேர்ந்துகொண்டது. நோயில்லாதவர்களில் அது 10 சதவீதம்தான்.

லண்டனில் சிஓபிடி நோயாளிகளைத் தினமும் குறிப்பெழுத வைத்து நடத்திய இன்னொரு ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. நோய் முற்றிய தடவைகளில் கால்வாசியில், 35 நாள் கழித்தும் ஊதும் வேகம் பழைய அளவுக்கு வரவில்லை. 100க்கு 7 தடவை 91 நாளாகியும் வரவில்லை. அந்தக் கட்டுரையைப் பற்றி என் மருத்துவர் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. என் ஏழாவது படி என் மனப்பிரமை இல்லை என்று ஒருவர் முதல்முறையாகச் சொன்ன நாள் அது. நுரையீரலோடு நிற்பதும் இல்லை. ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வாய்ப்பு 6 மடங்கு கூடுகிறது என்று கனடாவில் நடந்த ஆய்வு 2018இல் காட்டியது.

அப்புறம் 2020ஐ நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் எத்தனையோ பேரை இழந்தோம், எனக்குத் தெரிந்தவர்களையும் சேர்த்து. அதே வருடத்தில், சிஓபிடி முற்றி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தார்கள் என்று பல நாடுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு சொல்கிறது. பயந்து வராமல் இருந்தவர்களும் அதில் இருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் சளியும் ஃப்ளூவும் பரவவே இடமில்லாமல் போனதும் உண்மை. பி/யமகட்டா என்ற ஃப்ளூ வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்குமே உறுதியாகக் கண்டறியப்படவில்லை. ஊரடங்கு தொடங்கியதிலிருந்து ஒன்றரை வருடத்தில் எனக்கு ஒரு முறைகூட நோய் முற்றவில்லை. ஊரையே மூடி வையுங்கள் என்று நான் கேட்கவில்லை, யாரும் அப்படி வாழ முடியாது. வைரஸ் வராவிட்டால் எங்களுக்கு நோய் முற்றுவது குறையும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். அதற்காகத்தான் சொல்கிறேன்.

இப்போது காற்றுக்கு வருகிறேன். 1977இல் அலாஸ்காவில் 54 பேரோடு ஒரு விமானம் எஞ்சின் கோளாறால் தரையிலேயே மூன்று மணி நேரம் நின்றது. காற்றோட்டக் கருவி ஓடவில்லை. உள்ளே ஃப்ளூ கண்டவர் ஒருவர். அடுத்த 72 மணி நேரத்துக்குள் பயணிகளில் 72 சதவீதம் பேர் படுத்துவிட்டார்கள். இதை முதல்முறை படித்தபோது என் கண்முன் வந்தது அந்தப் பெயின்ட் ஒட்டிய கொக்கிதான்.

என் மகள் எனக்கு உள்ளங்கை அளவில் ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்கித் தந்தாள். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்துக்கு 420, 430 பங்கு என்று காட்டும். உங்கள் கூடம் ஒன்றில் காலை பதினொரு மணிக்கு 2,100 காட்டியது. நாம் வெளியே விடும் மூச்சில் அந்த வாயு ஏறக்குறைய 4 சதவீதம். வெளிக்காற்றின் அளவைக் கழித்துக் கணக்குப் போட்டால், நான் இழுத்த ஏறக்குறைய ஒவ்வொரு 25 மூச்சில் ஒரு முழு மூச்சு இன்னொருவர் நுரையீரலுக்குள் போய் வந்த காற்று. அந்தக் கூடத்தில் எல்லோரும் நெஞ்சு நோயாளிகள். புறநோயாளிகள் பகுதிக்கும் சேர்த்து, ஒரு நோயாளிக்கு வினாடிக்கு 60 லிட்டர் காற்றோட்டம் வேண்டும் என்று 2021இல் கொரோனாவுக்காக உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட காற்றோட்ட வழிகாட்டி சொல்கிறது. உங்கள் கூடத்தில் அது எவ்வளவு என்று தயவுசெய்து ஒரு முறை அளந்து பாருங்கள். ஏசி குளிர்ச்சியைத் தரும். பல ஏசிகள் உள்ளே இருக்கும் காற்றையேதான் திரும்பத் திரும்பச் சுற்றிவிடும்.

செய்யக்கூடியவை பெரிய வேலைகள் இல்லை. ஜன்னல் திறக்க வேண்டும். திறக்க முடியாத இடத்தில் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவரும் விசிறி வேண்டும். அதுவும் முடியாத அறையில் மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பானை வைத்து நாள் முழுக்க ஓடவிட வேண்டும். முக்கியமாக, ஊதிப் பார்க்கும் சோதனை அறையில். எல்லோரும் முழு வேகத்தில் ஊதி இருமும் அந்த அறைதான் பல இடங்களில் ஜன்னலே இல்லாத உள்ளறையாக இருக்கிறது. டோக்கன் கொடுக்கும் இடத்திலேயே "காய்ச்சல், புது இருமல் இருக்கா?" என்று கேட்டு, இருப்பவருக்கு ஒரு மாஸ்க்கும் தனி வரிசையும் கொடுத்தால் அந்தப் பையனுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. நோய் நிலையாக இருப்பவர்களைக் கூடத்தில் அடைத்து வைக்காமல், முறை வரும்போது போனில் கூப்பிடலாம்.

"நீங்களே மாஸ்க் போட்டுக்கொள்ளலாமே" என்று ஒரு அதிகாரி என்னிடம் கேட்டார். போடுகிறேன் ஐயா. ஆனால் என்95 மாஸ்க்கோடு இரண்டு மணி நேரம் உட்காருவது எனக்கு என்னவென்று உங்களுக்குத் தெரியாது. அரை மணியில் நெஞ்சு இறுகிவிடும், கழற்றிவிட்டு வாசலுக்குப் போய் நின்று வருவேன். அதற்குள் என் நம்பரைக் கூப்பிட்டிருப்பார்கள். என்னைவிட நோய் முற்றியவர்கள் அதை ஐந்து நிமிடம்கூடப் போட முடியாது. மூச்சே கஷ்டமாக இருப்பவரிடம் முழுப் பாதுகாப்பையும் ஒப்படைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. ஒரு முறை ஊதும் சோதனை எடுத்த பெண்ணுக்கு நல்ல ஜலதோஷம். மாஸ்க்குக்குள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "நல்லா ஊதுங்க, இன்னும், இன்னும்" என்று என்னை ஊக்கப்படுத்திக்கொண்டிருந்தார். லீவு போடக்கூடாதா அம்மா என்று கேட்டேன். "போட்டா சம்பளம் போயிடும் சார், ஏற்கெனவே இந்த மாசம் குழந்தைக்குக் காய்ச்சல்னு ரெண்டு நாள் போயிடுச்சு" என்றார். அவர் குரலில் இருந்த சங்கடம் இன்னும் காதில் இருக்கிறது. என்னைப் பற்றியும் கவலைப்பட்டார், சம்பளத்தைப் பற்றியும் கவலைப்பட்டார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி அவரை வைத்தது உங்கள் விடுமுறை விதி. நோயாளிகளைத் தொட்டு வேலை செய்பவருக்குக் காய்ச்சலோ சளியோ வந்தால் சம்பளத்தோடு ஓய்வு கொடுங்கள். எங்களுக்கு நீங்கள் எழுதித் தரும் விலையுயர்ந்த இன்ஹேலரில் பாதி வேலையை அது செய்துவிடும் என்று நான் மனதார நம்புகிறேன்.

தடுப்பூசி விஷயமும் இப்படித்தான். ஃப்ளூ ஊசியை ஒவ்வொரு வருடமும் போட வேண்டும் என்பதை நோய் வந்து ஆறாவது வருடத்தில், பக்கத்து நாற்காலிக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நிமோனியாவுக்கு ஊசி உண்டு, கொரோனாவுக்கு உண்டு, முதியவர்களுக்கான ஆர்எஸ்வி ஊசியும் 2023 முதல் சில நாடுகளில் வந்துவிட்டது. எது எவருக்குத் தேவை என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஆனால் கேட்பதற்கு ஓர் ஆள் இருக்க வேண்டும். எடை பார்க்கும்போதே "இந்த வருஷம் ஊசி போட்டாச்சா?" என்று ஒரு வரி.

பயமாக இருந்தால் வராமல் இருந்துவிடலாமே என்பவர்களுக்கும் பதில் சொல்கிறேன். என்னோடு கூடத்தில் பழகிய ஒருவர் அப்படித்தான் நின்றுவிட்டார். இரண்டு முறை வந்துபோன கையோடு நோய் முற்றியதால், வருவதையே விட்டுவிட்டார். பழைய சீட்டை வைத்தே மருந்து வாங்கினார். இன்ஹேலரை அழுத்துவதும் மூச்சை இழுப்பதும் முன்பின்னாகிப் போனது, மருந்து தொண்டையிலேயே படிந்தது. பார்த்துத் திருத்த ஆள் இல்லை. இப்போது ஒரு நாளில் பதினாறு மணி நேரம் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரோடு இருக்கிறார். போனில் பேசினால் நான்கு வார்த்தைக்கு ஒரு முறை நிறுத்துகிறார். நான் பேசாமல் காத்திருப்பேன்.

நாங்கள் ஏற்கெனவே நிறைய விட்டுக்கொடுத்துவிட்டோம். கல்யாணங்களுக்குப் போவதில்லை. பேரனுக்கு மூக்கு ஒழுகினால் அவனை ஒரு வாரம் பார்ப்பதில்லை, கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கையாட்டுவான். கடைசியாக விட முடியாமல் மிச்சம் இருப்பது மருத்துவமனை ஒன்றுதான்.

எனக்கு அடுத்த பரிசோதனை வருகிற மாதம். உங்களில் யாராவது ஒருவர், உங்கள் கட்டடப் பொறியாளரை ஒரு மணி நேரம் அனுப்பினால் போதும். மீட்டரை நான் கொண்டுவருகிறேன். கூடத்தின் நான்கு மூலையிலும், டோக்கன் ஜன்னலிலும், ஊதும் அறையிலும் அளந்து எழுதிக்கொள்வோம். நடுவில் இரண்டு இடத்தில் நான் உட்கார வேண்டியிருக்கும், அதற்குத் தகுந்த மாதிரி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெஞ்சக நோய்ப் பிரிவின் நோயாளி ஒருவர்