கிழிந்த படத்துக்குக் கூடுதல் விலை: சோத்பிஸ் ஏல நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

லண்டன் சோத்பிஸ் நிறுவனத்தின் தற்காலக் கலைப் பிரிவினருக்கு,

வணக்கம். பிரிட்டிஷ் தெரு ஓவியர் பேங்க்ஸியின் படங்களை விற்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. விற்பது உங்கள் தொழில். ஓவியருக்கும் வயிறு இருக்கிறது. நுகர்வு மோகத்தைக் கேலி செய்யும் ஒரு படத்தை விற்கும்போது எதைச் சொல்கிறீர்கள், எதை விழுங்கிவிடுகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

2020 அக்டோபரில் அவருடைய 'ஷோ மீ தி மோனே' உங்களிடம் ஏலத்துக்கு வந்தது. பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே தன் ஜிவெர்னி தோட்டத்துக் குளத்தையும் அதன் மேல் வளையும் ஜப்பானியப் பாலத்தையும் சலிக்காமல் வரைந்தாரே, அதே காட்சி. அதே அல்லி, அதே பச்சை. ஆனால் குளத்துக்குள் சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டிகள் இரண்டு கிடக்கின்றன. கூடவே சாலையில் வைக்கும் ஆரஞ்சு நிறக் கூம்பு ஒன்று. சுவரில் உருவம் வெட்டிய தகட்டை வைத்து ஸ்ப்ரே அடித்துவிட்டு மறைந்துபோகிறவர், இதை எண்ணெய் வண்ணத்தில் நின்று நிதானமாகத் தீட்டியிருக்கிறார். குப்பையும் அந்தத் தண்ணீரோடு இழைந்து போயிருக்கிறது. முதல் பார்வைக்கு அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு உறைத்ததும் அதுதான்.

2005இல் மேற்கு லண்டனில் ஒரு கடையில் இது முதலில் காட்சிக்கு வந்தபோது, தரையில் உயிருள்ள எலிகளை ஓடவிட்டிருந்தார்கள். உங்கள் ஏலத்தில் எலிகள் இல்லை. விலை 75 லட்சம் பவுண்டைத் தாண்டியது.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2018 அக்டோபர் 5 அன்று, பேங்க்ஸியின் 'கேர்ள் வித் பலூன்' 10.42 லட்சம் பவுண்டுக்குப் போனது. ஏலம் முடிந்து சுத்தியல் விழுந்ததும், படத்தின் சட்டத்துக்குள் அவர் ஒளித்திருந்த இயந்திரம் படத்தைக் கிழிக்கத் தொடங்கி, பாதியில் நின்றது. ஏலக் கூடத்தை நோக்கி எறிந்த கல் அது. நீங்களோ அதை எடுத்துத் துடைத்து, ஏலம் நடக்கும்போதே பிறந்த முதல் கலைப்படைப்பு என்று பெருமையோடு அறிவித்தீர்கள். சாமர்த்தியம், ஒப்புக்கொள்கிறேன். 2021இல் அதே கிழிசல் 'லவ் இஸ் இன் தி பின்' என்ற புதுப்பெயருடன் உங்களிடமே திரும்பி வந்தது. ஏலத்தில் கேட்ட விலை 1.6 கோடி பவுண்டு. உங்கள் கட்டணமும் சேர்ந்து 1.858 கோடி. எதிர்ப்புக்கும் கமிஷன் உண்டு போலும்.

2013 அக்டோபரில் நியூயார்க் சென்ட்ரல் பார்க் ஓரம் ஒரு முதியவர் நடைபாதைக் கடை போட்டு, பேங்க்ஸியின் அசல் படங்களை ஒவ்வொன்றும் 60 டாலருக்கு விற்றார். கூட்டம் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. ஒரு பெண்மணி பேரம் பேசி, பாதி விலைக்கு இரண்டு வாங்கிப் போனார். அன்றைய மொத்த வசூல் 420 டாலர். அதே கை, அதே தகடு, அதே ஸ்ப்ரே. ஏலக் கூடத்தின் விளக்கும் உங்கள் பெயரும் மட்டும்தான் அங்கே இல்லை.

ஆகவே இரண்டு கோரிக்கைகள். உங்கள் பட்டியல் நூலில் கலகம், துணிச்சல் என்றெல்லாம் எழுதும் பக்கத்திலேயே அந்த 60 டாலரையும் ஒரு வரி அச்சிடுங்கள். ஒவ்வொரு விற்பனையிலும் உங்களுக்குச் சேர்ந்த கட்டணத்தையும் தனியாகக் காட்டுங்கள். வாங்குபவருக்கு அது எரிச்சலூட்டும். படத்தின் நோக்கமும் எரிச்சலூட்டுவதுதானே.

மற்றது, வாங்குபவரிடம் பேச வேண்டியது. தெருவில் போகிறவனுக்காகப் பிறந்த பாணி, ஒரு பணக்காரர் வீட்டுப் பெட்டகத்துக்குள் யாரைக் கேலி செய்யும்? கிழிந்த படத்தை 2018இல் வாங்கியவர் அதை ஜெர்மனியில் பாடன்-பாடனிலும் ஸ்டுட்கார்ட்டிலும் அருங்காட்சியகங்களில் வைக்கக் கொடுத்தார். அவராக விரும்பிச் செய்தது அது. இனி இப்படிப்பட்ட படங்களை விற்கும்போது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது பொது அருங்காட்சியகத்துக்கு இரவல் தருவீர்களா என்று நீங்களே கேளுங்கள். கிடைக்கும் பதிலை வெளியிடுங்கள். 'ஷோ மீ தி மோனே'யை வாங்கியவரிடமிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓவியம் வாங்க வழியில்லாத, பார்க்க ஆசையுள்ள ஒருவன்